மலையடிவாரம் வரை வந்த 250 மீட்டர் அலை

பாளையங்கோட்டையிலிருந்து புளியறைக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 60 கிலோ மீட்டர். பாளையங்கோட்டையில் நின்று ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தக் குரல் அடுத்த ஊரைக்கூட எட்டாது. எட்டுவதாகவே வைத்துக்கொள்வோம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். அது புளியறை வந்து சேர ஏறத்தாழ 3 நிமிடம் ஆகும்.

அதே குரல் திருநெல்வேலி வானொலி நிலையத்திலிருந்து மின்காந்த அலையாகப் புறப்பட்டால்? விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகம். 60 கி.மீ. தொலைவைக் கடக்க, ஒரு விநாடியை 5000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு போதும். அந்தச் சிறு நேரத்தில் ஒலி ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான் செல்லும். அதாவது, அறிவிப்பாளரின் வாயிலிருந்து சொல் புறப்பட்டு முன்னால் இருக்கும் ஒலிவாங்கியை அடைய ஆகும் நேரமும், அங்கிருந்து அலை புளியறைக்கு வர ஆகும் நேரமும் ஏறத்தாழச் சமம்!

இந்த வியப்புக்கு நாம் பழகிவிட்டோம். ஆனால் திருநெல்வேலி நிலையத்தின் கதையில் இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று இருக்கிறது. அலையை அனுப்புபவர் பெரும் செலவையும் சுமையையும் தாமே ஏற்றுக்கொண்டு, கேட்பவரின் வேலையை மிக எளிதாக்கினார். அது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஓர் ஊர்

புளியறை, செங்கோட்டையைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். கொல்லம் செல்லும் சாலை இங்கிருந்துதான் ஆரியங்காவுக் கணவாயை நோக்கி மலை ஏறுகிறது. இன்று இது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்படும் வரை, செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது.

திருவிதாங்கூர் சமஸ்தானம் 1943-ல் திருவனந்தபுரத்தில் ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. ஆக, அக்காலத்தில் புளியறைக்கு அருகில் இருந்த வானொலி நிலையம் மலைக்கு அப்பால் இருந்தது. புளியறையிலிருந்து திருவனந்தபுரமும் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கி.மீ.தான். ஆனால் இடையில் நிற்பது மலைத்தொடர்.

தமிழ் ஒலிபரப்போ வெகு தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் வானொலியின் கதை 1924-ல் சென்னையில் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவாகி, அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் முதல் ஒலிபரப்பியின் திறன் வெறும் 40 வாட். நம் வீட்டின் பழைய மஞ்சள் பல்பு ஒன்றின் அளவு! பணமின்மையால் 1927-ல் அது நின்றது. சென்னை மாநகராட்சி அந்தக் கருவிகளைப் பெற்று 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. பிறகு அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் பிறந்தன.

திருச்சி புளியறையிலிருந்து 250 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. பகல் நேரத்தில் அங்கிருந்து வரும் அலை தென்கோடி மாவட்டங்களில் மெலிந்துவிடும். இந்தக் குறையைத் தீர்க்க 1963 டிசம்பர் 1 அன்று திருநெல்வேலி நிலையம் தொடங்கப்பட்டது. அன்றைய திருநெல்வேலி மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களும் அதற்குள் அடங்கியிருந்தன. கடற்கரை மீனவர், தாமிரபரணிக் கரை விவசாயி, கரிசல் காட்டுப் பருத்தி விவசாயி, மலையடிவாரத்துத் தோட்டத் தொழிலாளி ஆகிய எல்லோருக்கும் ஒரே நிலையம்!

அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. ரேடியோ வைத்திருப்பவர் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டவேண்டும். பல ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோவே ஊருக்கெல்லாம் காது. மாலையில் அதன் ஒலிபெருக்கிக்குக் கீழே கூட்டம் கூடும். செய்தி, விவசாய நிகழ்ச்சி, சந்தை விலை, நாதசுரம், நாடகம் எல்லாம் அங்கேதான். வானொலி சொன்னதைக் கேட்டு மக்கள் பயிரையே மாற்றியதுண்டு. 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல், வானொலி வழியாகவே பெரிதும் பரவியது. அந்த நெல்லை ரேடியோவின் பெயராலேயே அழைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

1197 என்ற எண்

திருநெல்வேலி என்றதும் பழைய நேயர்களுக்கு நினைவு வரும் எண் 1197. இது கிலோ ஹெர்ட்ஸ் கணக்கில் அலையின் அதிர்வெண். அதாவது, அந்த அலை விநாடிக்கு 11 லட்சத்து 97 ஆயிரம் முறை அதிர்கிறது. அலைநீளம் என்ன? வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். 30 கோடி மீட்டரை 11,97,000-ஆல் வகுங்கள். விடை ஏறத்தாழ 250 மீட்டர். ஒரே ஓர் அலை இரண்டு கால்பந்து மைதானங்களின் நீளத்தைத் தாண்டும்!

அலை இவ்வளவு நீளமானதால் ஆன்டெனாவும் பெரிதாக வேண்டும். அலைநீளத்தில் கால் பங்கு உயரமான கோபுரம் நன்றாக வேலை செய்யும் என்பது பொறியியலார் கணக்கு. 250-ல் கால் பங்கு ஏறத்தாழ 63 மீட்டர். நடுத்தர அலை நிலையங்களில் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனா மாட்டுவதில்லை, கோபுரமே ஆன்டெனா. அதன் அடியில் மண்ணுக்குள் தாமிரக் கம்பிகளை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பரப்பிப் புதைப்பார்கள். கோபுரத்துக்கு மறுபாதியாக மண்ணே பயன்படுகிறது.

இன்னொரு வேடிக்கை. நம் பகுதி நடுத்தர அலை நிலையங்களின் எண்களைப் பாருங்கள்: சென்னை 720, திருச்சி 936, கோயம்புத்தூர் 999, திருவனந்தபுரம் 1161, திருநெல்வேலி 1197, மதுரை 1269. ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். 9, 18, 27 என்றே வரும். எல்லாம் 9-ஆல் வகுபடும் எண்கள்! இது தற்செயல் அல்ல. ஒரு நிலையம் இன்னொன்றின் மேல் ஏறாமல் இருக்க, ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா முதலிய பகுதிகளின் நாடுகள் 1975-ல் ஜெனீவாவில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி 1978 நவம்பர் 23 முதல் நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிறுத்தப்பட்டன. பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்குவது போல!

குரலை ஏற்றிச் செல்லும் வண்டி

மனிதக் குரலின் அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான். அதை அப்படியே அலையாக அனுப்ப வேண்டுமானால் ஆன்டெனா பல கிலோ மீட்டர் உயரம் இருக்கவேண்டும்! ஆகவே வேகமாக அதிரும் ஓர் அலையின் மேல் குரலை ஏற்றி அனுப்புகிறோம். அந்த அலைக்கு ஊர்தி அலை என்று பெயர். குரலை ஏற்றும் வேலைக்குப் பண்பேற்றம் என்று பெயர்.

ஏற்றுவதற்குப் பல முறைகள் உண்டு. குரல் ஓங்கும்போது ஊர்தி அலையின் வீச்சு உயர்ந்து, குரல் தாழும்போது தானும் தாழுமானால் அது வீச்சுப் பண்பேற்றம். இதைத்தான் ஏ.எம். என்கிறோம். வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணைச் சிறிது கூட்டிக் குறைத்தால் அது அதிர்வெண் பண்பேற்றம். இதுவே எஃப்.எம்., அதாவது பண்பலை.

ஏ.எம். முறையில் ஒரு பெரிய வீண்செலவு இருப்பதாகத் தோன்றும். திருநெல்வேலி ஒலிபரப்பியின் திறன் 20 கிலோ வாட் என்று குறிக்கப்பட்டது. இது ஊர்தி அலைக்கு மட்டும் ஆகும் திறன். பேச்சும் பாட்டும் அதன் மேல் சேர்க்கும் திறன் மிகுந்தால் 10 கிலோ வாட். சாதாரணமாக அதிலும் குறைவு. அதாவது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், எந்தச் செய்தியும் இல்லாத வெறும் ஊர்தி அலைக்கே போகிறது. அறிவிப்பாளர் வாய் மூடியிருக்கும்போதும் அந்த 20 கிலோ வாட் செலவாகிக்கொண்டே இருக்கும்!

இது முட்டாள்தனம்தானே? இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். ஊர்தி அலையும் சேர்ந்தே வருவதால், குரலைப் பிரித்தெடுக்கக் கேட்பவருக்குச் சிக்கலான கருவி எதுவும் தேவையில்லை. மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு போதும். அது அலையின் பாதியை வெட்டிவிடும். மீதியின் ஏற்ற இறக்கமே குரல். ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு ஜெர்மானியம் டயோடு, ஒரு காதுக்கருவி, நீளமான ஓர் ஏரியல் கம்பி, ஒரு நிலத்தொடர்பு. இவ்வளவுதான் படிக ரேடியோ. பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நிலையத்துக்கு அருகிலுள்ள ஊர்களில் காதுக்கருவியை ஒலிக்கச் செய்வது, ஒலிபரப்பி வீசி எறிந்த அந்த ஆற்றலேதான்!

பாளையங்கோட்டையில் ஒரு கருவி அதிகமாகச் செலவிட்டது. அதனால் மாவட்டமெங்கும் இருந்த ரேடியோக்கள் எளியனவாகவும் மலிவாகவும் இருக்க முடிந்தது. கூலி வேலைக்குப் போகிறவரும் இரண்டு பேட்டரி செல் போட்டு ஒரு டிரான்சிஸ்டரை மாதக்கணக்கில் ஓட்ட முடிந்தது. வீணாகத் தோன்றியது உண்மையில் ஏழை நேயருக்காகக் கட்டப்பட்ட கட்டணம்.

மலையும் அலையும்

நடுத்தர அலை பகலில் தரையை ஒட்டியே செல்கிறது. இதைத் தரை அலை என்பார்கள். பூமியின் வளைவோடு தானும் வளைந்து, சிறு குன்றுகளையும் கட்டடங்களையும் சுற்றிக்கொண்டு அது போகும். தண்ணீரில் நட்ட ஒரு குச்சியைப் பெரிய அலை எப்படிப் பொருட்படுத்தாமல் சுற்றிச் செல்கிறதோ அப்படி! தடையின் அளவோடு ஒப்பிடும்போது அலை நீளமாக இருந்தால் வளைவது எளிது. இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர்.

பண்பலையின் அலைநீளம் 3 மீட்டர்தான். அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். மலை குறுக்கிட்டால் மறுபுறம் நிழல் விழும். நிலையத்தையே மலை மேல் வைத்துவிட்டால் இதே குணம் நன்மையாகிறது. கொடைக்கானல் பண்பலை நிலையம் பல மாவட்டங்களை எட்டியதற்கு அதன் உயரமே காரணம்.

தரை அலைக்கும் ஒரு குறை உண்டு. தான் கடந்து செல்லும் நிலத்தில் அது ஆற்றலை இழந்துகொண்டே போகும். மின்சாரத்தை நன்கு கடத்தும் ஈர மண்ணில் இழப்பு குறைவு. பாறை நிலத்தில் அதிகம். கடல் நீரில் மிகமிகக் குறைவு. திருநெல்வேலி அலை புளியறைக்குப் பெரும்பாலும் சமவெளி வழியாக வருகிறது. திருவனந்தபுரத்து அலை பாறை மலைகளைத் தாண்டி வரவேண்டும். தொலைவு ஒன்றானாலும் வழி வேறு!

இரவில் வந்த இலங்கை

புளியறையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 370 கி.மீ. ஆனாலும் தென் மாவட்டங்களில் இலங்கை வானொலி ஒரு காலத்தில் உள்ளூர் நிலையம் போலவே ஒலித்தது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல் அறியாதவர் அன்று குறைவு. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, வரலாறு. 1950-களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை மிகவும் குறைத்துவிட்டது. நேயர்கள் இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். இந்நிலையை மாற்றவே 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியது.

மற்றொன்று, இயற்பியல். இலங்கைக்கும் தென் தமிழ்நாட்டுக்கும் நடுவே கிடப்பது கடல். தரை அலைக்கு அது ராஜபாட்டை. இரவிலோ இன்னொரு வழியும் திறக்கும். நமக்கு மேலே 60 முதல் 90 கி.மீ. உயரத்தில், சூரிய ஒளியால் அயனியான ஓர் அடுக்கு பகலில் உருவாகிறது. இதற்கு டி அடுக்கு என்று பெயர். மேலே செல்லும் நடுத்தர அலைகளை இது உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கலைந்துவிடும். அலை இன்னும் மேலே சென்று, 100 கி.மீ.க்கு அப்பாலுள்ள அடுக்குகளில் திரும்பிக் கீழே விழும். நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் தொலைவிலுள்ள நிலையங்கள் இரவில் கேட்பது இதனால்தான். இந்த அடுக்குகள் அசைந்துகொண்டே இருப்பதால், பாட்டு நடுவில் மெலிந்து மீண்டும் வலுக்கும். ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்று அதன் தலையில் தட்டியவர்கள் உண்டு. குறை ரேடியோவில் அல்ல, வானத்தில்!

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கரிய நிறத்தில் ஃபெரைட் தண்டு ஒன்றும் அதன் மேல் மெல்லிய கம்பிச்சுருளும் இருக்கும். நடுத்தர அலைக்கு ஆன்டெனா இதுதான். வெளியே இழுத்துவிடும் கம்பி இதற்குப் பயன்படாது.

பகலில், திறந்த வெளியில், ஏதேனும் ஒரு நடுத்தர அலை நிலையத்தை வைத்து ரேடியோவை மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் ஒலி மிக மெலியும். அப்போது தண்டின் முனை நிலையத்தை நோக்கியிருக்கிறது. அங்கிருந்து செங்கோணம் திருப்பினால் ஒலி உச்சமாகும். ஒரு திசைகாட்டியும் வரைபடமும் இருந்தால் நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று நீங்களே குறித்துவிடலாம்.

இந்தச் சோதனைக்குப் புளியறை பொருத்தமான இடம். அங்கிருந்து திருநெல்வேலி ஏறத்தாழக் கிழக்கு–தென்கிழக்கில் இருக்கிறது. திருவனந்தபுரம் தெற்கு–தென்மேற்கில் இருக்கிறது. இரு திசைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு செங்கோணம்! ஆகவே ரேடியோவை ஒன்றுக்கு மெலியத் திருப்பினால் மற்றதற்கு அது உச்ச நிலையில் இருக்கும். முள்வட்டத்திலும் 1161, 1197 இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்களே.

ஐப்பசி மாத மாலையில் இன்னொன்றும் செய்யலாம். நிலையம் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை வையுங்கள். படபட என்ற ஒலி வரும். ஒவ்வொரு 'பட'வும் எங்கோ வெட்டிய மின்னல். மின்னல் அருகில் வந்துவிட்டால் ரேடியோவோடு வீட்டுக்குள் போய்விடுங்கள். அந்நேரத்தில் வெளியே நீளக் கம்பி கட்டக் கூடாது.

மூடிவிடலாமா?

அண்மை ஆண்டுகளில் இந்தியாவிலும் உலகின் பல நாடுகளிலும் நடுத்தர அலை ஒலிபரப்பிகள் பல மூடப்பட்டுள்ளன. மூடுவோர் சொல்லும் காரணங்கள் வலுவானவை. 20 கிலோ வாட் ஒலிபரப்பி நாளுக்கு 15 மணி நேரம் இயங்கினால், அலையாக வெளியேறும் ஆற்றல் மட்டுமே 300 யூனிட். கருவி இழுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம். கோபுரத்துக்கும் புதைகம்பிகளுக்கும் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் நிறைந்த வீடுகளில் ஏ.எம். ஒலி இரைச்சலில் மூழ்குகிறது. பண்பலையில் இசை தெளிவாக ஒலிக்கிறது. கையில் செல்பேசியும் இருக்கிறது.

ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பல ஊர்கள் தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மின்சாரம் போனது, பல இடங்களில் செல்பேசியும் ஊமையானது. செல்பேசிக்குச் சில கிலோ மீட்டருக்கு ஒரு கோபுரம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் வேண்டும். அழைப்போர் பெருகினால் நெரிசலும் ஏற்படும். நடுத்தர அலைக்கு, மேட்டில் ஜெனரேட்டரோடு நிற்கும் ஒரே நிலையம் போதும். கேட்பவர் ஆயிரம் பேரானாலும் பத்து லட்சம் பேரானாலும் அதற்குச் செலவு ஒன்றுதான்.

டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறை நடுத்தர அலையிலேயே குறைந்த மின்சாரத்தில் தெளிவான ஒலியைத் தரும். அதற்கான ஒலிபரப்பிகளை நம் நாடு பல இடங்களில் நிறுவியிருக்கிறது. ஆனால் அதைக் கேட்கத் தனி ரேடியோ வாங்கவேண்டும். பழைய டிரான்சிஸ்டரில் வெறும் இரைச்சலே கேட்கும். இங்கே சுமை ஒலிபரப்பியிலிருந்து கேட்பவரின் தோளுக்கு மாறிவிடுகிறது. அந்த ரேடியோ மலிவாகி ஏழை வீடு வரை வரும்வரை பழையதை அடியோடு எடுத்துவிடலாமா என்பதே கேள்வி.

மாணவ நண்பர்களே! ஒரு தகவல் தொடர்பு முறையை எடைபோடும்போது எவ்வளவு வேகம், எவ்வளவு தெளிவு என்று கேட்கிறோம். கூடவே இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இதன் சுமையை யார் தாங்குகிறார்கள்? வெள்ளம் வந்த இரவில், மலையடிவாரத்துக் கடைசி வீட்டில், இரண்டு பேட்டரி செல் மட்டும் வைத்திருப்பவரை இது எட்டுமா? 1963-ல் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட 250 மீட்டர் அலை இந்த இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் வைத்திருந்தது. அடுத்து வரும் கருவியை வடிவமைக்கப் போகிறவர்கள் நீங்கள். உங்கள் கருவியும் அதே பதிலைச் சொல்லட்டும்.